கல்யாண ஆல்பம்: சூட்கேஸா, புத்தகமா, கறுப்பு அட்டையா?

அக்கா மகளுக்கு வருகிற தையில் கல்யாணம். மண்டபம் முடிவாகி, சமையலுக்கு முன்பணம் கொடுத்து, நாதஸ்வரம் யார் என்ற சண்டையும் ஓய்ந்த பிறகு போட்டோக்காரரின் கொட்டேஷன் வந்தது. ஆல்பத்துக்கென்று அதில் ஒரே ஒரு வரி: 12க்கு 36 கரிஸ்மா, 40 ஷீட், பேட் கவர், சூட்கேஸ் பெட்டியுடன். டிசைன் செய்த பெரிய ஷீட்டுகளை ஒட்டி, மெத்தென்ற அட்டை போட்டு வருகிற ஆல்பத்தைத்தான் கரிஸ்மா என்கிறார்கள். "இதுல யோசிக்க என்ன மாமா இருக்கு? எல்லாரும் இதைத்தானே போடறாங்க" என்றாள். தாய்மாமன் என்ற முறையில் பட்டும் மாலையும் எடுத்துக் கொடுப்பதோடு என் வேலை முடிந்திருக்கும். ஆனால் ஆல்பம் விஷயத்தில் எனக்கு ஒரு பழைய கணக்கு இருக்கிறது.

2015 டிசம்பர் முதல் தேதி இரவு அடையாற்று வெள்ளம் ஜாபர்கான்பேட்டையில் எங்கள் வீட்டுக்குள் ஏறியபோது, இரும்பு பீரோவின் கீழ்த்தட்டில் நான்கு கல்யாணங்கள் இருந்தன. அப்பா அம்மாவுடையது 1969, கறுப்பு வெள்ளை. சித்தியுடையது 1982, கலர். அக்காவுடையது 1996. என்னுடையது 2008, கரிஸ்மா. கனமான சாமான் கீழேதான் இருக்கவேண்டும் என்ற நியாயப்படி அம்மா ஆல்பங்களைக் கீழே அடுக்கி, புடவைகளை மேலே வைத்திருந்தாள். புடவைகள் தப்பின.

தண்ணீர் வடிந்து பீரோவைத் திறந்தபோது 1969 ஆல்பத்தின் கறுப்பு அட்டைகள் கூழாகியிருந்தன. படங்கள் மட்டும் மூலைகளிலிருந்து கழன்று தனித்தனியாகக் கிடந்தன. நல்ல தண்ணீரில் ஒவ்வொன்றாக அலசி, மொட்டை மாடி நிழலில் வேட்டி விரித்து, படம் மேல்பக்கம் பார்க்கக் காயவைத்தோம். அப்பளம் போலச் சுருண்டன. பிறகு தடிப் புத்தகங்களுக்கு நடுவே வைத்து நிமிர்த்தினோம். 38 படங்களில் 35 தப்பின. அந்தக் காலத்துப் படம் டெவலப்பர், ஃபிக்ஸர், அப்புறம் குழாய்த் தண்ணீர் என்று தொட்டி தொட்டியாக முங்கி எழுந்துதான் பிறக்கும். தண்ணீர் அதற்குப் புதிதல்ல.

சித்தியின் படங்கள் வெள்ளத்துக்கு முன்பே பாதி போயிருந்தன. அந்தக் காலத்துக் கலர்த் தாளில் நீலப் பச்சைச் சாயம் இருட்டில் பூட்டி வைத்தாலும் மங்கிக்கொண்டே வரும். மிஞ்சுவது சிவப்பும் மஞ்சளும். மணப்பந்தல் முழுக்கச் சாயங்கால வெயில் அடித்தது போல இருக்கும். சித்தி கட்டியிருந்தது கிளிப்பச்சைப் புடவை என்று சத்தியம் செய்தாலும் அவள் பேரன் நம்புவதில்லை.

அக்காவுடையது, பிளாஸ்டிக் தாளைத் தூக்கிப் படத்தைப் பசை மேல் வைத்து மூடுவோமே, அந்த ரகம். ஈரத்தில் படம் பிளாஸ்டிக்கோடு ஒட்டிக்கொண்டது. தாளை உரித்தபோது முகங்களும் கூடவே வந்துவிட்டன. என் கரிஸ்மா ஆல்பமோ திறக்கவே இல்லை. ஓரம் வழியாக உள்ளே போன ஈரத்தில் எல்லா ஷீட்டும் ஒன்றோடொன்று இறுகி ஒரே பலகையாகிவிட்டது. படம் எடுத்த ஸ்டுடியோவுக்குப் போய்க் கேட்டேன். "டிசைன் ஃபைல் எல்லாம் ரெண்டு வருஷத்துக்கு மேல வச்சுக்கறதில்ல சார்" என்றார்கள். ஏழு வருடம் கழித்துப் போய் நின்றது என் தப்பு.

அன்றிலிருந்து ஆல்பம் போடப் போகிறவர்களிடம் ஒரு கேள்வியைக் கேட்டுக்கொள்ளச் சொல்கிறேன். இது கெட்டால் எப்படிக் கெடும்? ஒரு படம் போகுமா, மொத்தமும் போகுமா? போனால் திரும்பச் செய்துகொள்ள வழி உண்டா? அழகு, விலை எல்லாம் அதற்குப் பிறகு.

முதலில் சூட்கேஸ் ஆல்பம், அதாவது பெட்டியோடு வரும் கரிஸ்மா. இதைக் குறைசொல்வது எளிது என்பதால் நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். விரித்தால் தட்டையாகக் கிடக்கும், நடுவில் விழுங்காது. தாலி கட்டும் படத்தை மூன்றடி அகலத்துக்குப் போட்டால் கண்ணாடி போடாத பாட்டிக்கும் யார் யார் என்று தெரியும். மேலே லேமினேஷன் இருப்பதால் முறுக்கு தின்ற கையோடு புரட்டினாலும் துடைத்துவிடலாம். உள்ளே பெரும்பாலும் கலர் லேபில் ரசாயனத்தில் கழுவி எடுத்த நிஜப் போட்டோத் தாள். 1982ன் தாளைப் போல இப்போதைய தாள் சிவந்து போகாது. அந்தக் குறையைக் கம்பெனிகள் எப்போதோ சரிசெய்துவிட்டன. 'நூறு வருட கேரண்டி' என்று கடைக்காரர் சொல்வதை மட்டும் அப்படியே வாங்கிக்கொள்ள வேண்டாம். வெப்பமும் ஈரமும் ஒரே அளவில் நிற்கும் ஆய்வக அறையில் சோதித்துக் கணக்கிட்ட வருடங்கள் அவை. நம் பீரோ நிற்பது ஐப்பசி மழையில் சுவர் ஓதம் அடிக்கும் அறையில்.

குறை என்று பார்த்தால் முதலில் கனம். 12க்கு 36 அங்குலத் தாள் ஒன்று ஏறத்தாழ 70 கிராம் வரும். 40 தாளுக்கு அதுவே 2.8 கிலோ. லேமினேஷன், பேட் கவர், பெட்டி எல்லாம் சேர்ந்தால் ஐந்து கிலோ அரிசிப் பை மாதிரி ஆகிவிடும். மடியில் வைக்க முடியாது, சோபாவில் இரண்டு பேர் நடுவே வைக்க முடியாது, மேசையைக் காலிசெய்தால்தான் பார்க்க முடியும். அதனால்தான் இந்த ஆல்பங்கள் முதல் மூன்று மாதம் வந்தவர்களுக்கெல்லாம் காட்டப்பட்டு, அப்புறம் பரணுக்குப் போகின்றன. இரண்டாவது குறை, ஷீட்டுகள் ஒன்றன் முதுகில் ஒன்று ஒட்டியவை. ஒரு ஷீட் கெட்டால் அதை மட்டும் கழற்றி மாற்ற முடியாது. லேமினேஷன் சில வருடத்தில் ஓரங்களில் உப்பினால் அதைச் சரிசெய்யவும் ஆள் கிடையாது.

அடுத்தது போட்டோ புக். டிஜிட்டல் பிரஸ்ஸில் அச்சடித்து, பத்திரிகை போல, புத்தகம் போல வருவது. எட்டுக்கு எட்டு அங்குலம், ஏ4 அளவுகளில் கிடைக்கும். முகூர்த்தப் படம் சூட்கேஸ் ஆல்பத்தில் இருக்கும் கம்பீரத்தோடு இதில் இருக்காது. பட்டின் ஜரிகையும் ஹோமப் புகையும் போட்டோத் தாளில் வருகிற ஆழத்தோடு இதில் வராது. ஆனால் குழந்தை மடியில் வைத்துப் புரட்டும், பஸ்ஸில் எடுத்துப் போகலாம். ஜெலட்டின் பூச்சு இல்லாததால் போட்டோத் தாளைப் போலப் பக்கத்துக்குப் பக்கம் பசையாக ஒட்டிக்கொள்ளாது. எல்லாவற்றையும்விட, ஒரு பிரதிக்கு ஆகிற செலவு சூட்கேஸ் ஆல்பத்தின் பக்கத்தில்கூட வராது. ஒன்று அடிக்கிற இடத்தில் நான்கு அடிக்கலாம்.

பிரதி என்பது சும்மா வசதிக்காக அல்ல. எங்கள் வெள்ளக் கதையில் அக்காவின் கல்யாணம் கடைசியில் எப்படித் தப்பியது தெரியுமா? மாப்பிள்ளை வீட்டுக்கு என்று போட்ட இன்னொரு ஆல்பம் கோயம்புத்தூரில் இருந்தது. அதிலிருந்து ஸ்கேன் செய்துதான் பிறந்த வீட்டுக்குத் திரும்பப் போட்டோம். பெண் வீட்டுக்கு ஒன்று, மாப்பிள்ளை வீட்டுக்கு ஒன்று என்ற பழைய வழக்கம் மரியாதைக்காக வந்ததாக இருக்கலாம். காப்பாற்றியதும் அதுதான்.

போட்டோ புக்கில் ஒன்றே ஒன்றைக் கவனிக்க வேண்டும், பைண்டிங். முதுகில் பசை மட்டும் தடவி ஒட்டியதானால் நான்கு கோடை தாண்டியதும் பக்கங்கள் உதிரும். நூல் தையல் போட்டது வேண்டும் என்று கேளுங்கள். தைத்த புத்தகம் பிய்ந்தால் கணக்கு நோட்டு தைக்கிற பைண்டர்கூடத் திரும்பத் தைத்து, புது அட்டை போட்டுக் கொடுத்துவிடுவார்.

மூன்றாவது, கறுப்பு அட்டை ஆல்பம். இதை நான் சொன்னதும் மருமகள் சிரித்தாள். அட்டையில் நாலு மூலைக்கும் முக்கோண ஒட்டு வைத்து அதில் படத்தைச் செருகுவது. போட்டோக்காரர் கொட்டேஷனில் இது இருக்காது, நாமேதான் செய்துகொள்ள வேண்டும். நேரம் பிடிக்கும், எல்லாருக்கும் பொறுமை இருக்காது. ஆனால் நான் கேட்கிற கேள்விக்கு இதைவிட நல்ல பதில் வேறு இல்லை. படம் பசையைத் தொடுவதே இல்லை. ஒன்று கறைபட்டால் அதை மட்டும் உருவிவிட்டு வேறு பிரிண்ட் செருகலாம். இருபது வருடம் கழித்து யாரோ ஒரு அத்தை வீட்டிலிருந்து புதிதாக ஒரு படம் கிடைத்தால் அதற்கும் இடம் கொடுக்கலாம். அச்சடித்த ஆல்பத்தில் கல்யாணம் அன்றோடு முடிந்துவிடும்.

செய்வதானால் சில பொருள்களில் கஞ்சத்தனம் கூடாது. அட்டை ஆசிட் ஃப்ரீயாக இருக்கவேண்டும். பழைய செய்தித்தாள் மஞ்சளாகி நொறுங்குவதற்குக் காரணமான சமாச்சாரம் மலிவு அட்டையிலும் உண்டு, அது படத்தையும் மெல்ல அரிக்கும். மைதாப் பசை வேண்டவே வேண்டாம். ராமபாணப் பூச்சிக்கு அது விருந்து. படத்துக்கு உறை போடுவதானால் புது மழைக்கோட்டு வாசனை அடிக்கிற பிளாஸ்டிக்கை ஒதுக்குங்கள். அது பிவிசி, நாளாக ஆக அமிலம் விடும். பாலிப்ரொப்பிலீன் உறை என்றால் பயமில்லை.

பழைய பசைத் தாள் ஆல்பம் வீட்டில் இருந்தால், இதை எழுதும் சாக்கில் ஒரு வார்த்தை. படத்தை விரலால் நெம்பி எடுக்காதீர்கள். மருந்துக்கடையில் பல்லிடுக்குச் சுத்தம் செய்ய விற்கிற நூலை வாங்கி, படத்துக்குப் பின்னால் விட்டு, ரம்பம் இழுப்பது போல மெதுவாக இழுத்தால் பெரும்பாலும் முழுசாகக் கழன்று வரும். முதலில் ஒரு போன் எடுத்துக்கொண்டு எல்லாப் பக்கத்தையும் படம் பிடித்துவிட்டு ஆரம்பிப்பது புத்திசாலித்தனம்.

"எல்லாமே போன்லயும் டிரைவ்லயும் இருக்குமே மாமா, அப்புறம் எதுக்கு இவ்வளவு?" என்பது மருமகளின் கட்சி. அதுவும் ஒரு வழிதான். ஆல்பமே வேண்டாம் என்று முடிவு செய்கிறவர்கள் இப்போது இருக்கிறார்கள். அக்காவின் 1996 கல்யாண வீடியோ கேசட்டை நினைத்துப் பார்க்கச் சொன்னேன். கேசட் பூஞ்சை பிடித்துக் கிடக்கிறது. பூஞ்சை பிடிக்காவிட்டாலும் போட்டுப் பார்க்க டெக் வேண்டும். கடைசிவரை அதைத் தயாரித்துக்கொண்டிருந்த ஃபுனாய் என்ற ஜப்பான் கம்பெனியும் 2016ல் நிறுத்திவிட்டது. என் கல்யாண டிவிடி நன்றாகத்தான் இருக்கிறது, அதைச் செருக வீட்டு லேப்டாப்பில் ஓட்டை இல்லை. கூகுள் போட்டோஸ் கணக்கில்லாமல் இலவசமாக வைத்துக்கொண்டது 2021 மே மாதத்தோடு முடிந்தது. இரண்டு வருடம் திறக்காமல் கிடக்கிற கணக்குகளை 2023 டிசம்பரிலிருந்து நீக்கவும் ஆரம்பித்தார்கள். பாட்டியின் பீரோச் சாவி இடுப்பில் இருந்தது. பாட்டியின் பாஸ்வேர்டு யாருக்குத் தெரியும்?

ஆனால் ஃபைல் இல்லாத ஆல்பமும் என் ஆல்பம் போன கதைதான். அதனால் டிஜிட்டலை நான் தனி வழியாகப் பார்க்கவில்லை, மற்ற மூன்றுக்கும் அடித்தளமாகப் பார்க்கிறேன். எந்த ஆல்பம் போட்டாலும் பேரம் பேசும்போதே இரண்டு விஷயத்தைக் காகிதத்தில் எழுதி வாங்குங்கள். எடுத்த படங்கள் முழுவதும் அசல் அளவில் நம் கைக்கு வரவேண்டும். டிசைன் முடிந்த ஆல்பப் பக்கங்களும் அச்சுக்குப் போகிற அதே தரத்தில் ஜேபெக்காக வரவேண்டும். இந்த இரண்டாவது கையில் இருந்தால் சூட்கேஸ் ஆல்பத்தின் பெரிய குறை பாதி தீர்ந்தது. போனால் திரும்ப அச்சடித்துக்கொள்ளலாம். ஹார்ட் டிஸ்க் இரண்டு, இரண்டும் வேறு வேறு ஊரில்.

அளவைப் பற்றியும் ஒரு கணக்கு. நல்ல அச்சுக்கு அங்குலத்துக்கு 300 புள்ளி என்பது வழக்கம். 24 மெகாபிக்சல் கேமரா படம் ஒன்று 6000 புள்ளி அகலம், அதாவது 20 அங்குலம்வரை கவலையில்லை. அதையே 36 அங்குலத்துக்கு இழுத்தால் கொஞ்சம் சோகை தட்டும், தள்ளி நின்று பார்க்கையில் தெரியாது. ஆனால் கல்யாணத்தன்று சொந்தக்காரர்கள் வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்புகிற படம் சுருங்கி 1600 புள்ளி அளவுக்கு வந்துவிடும். ஐந்தாறு அங்குலத்துக்கு மேல் தாங்காது. நல்ல படம் எடுத்த அத்தான் யாராவது இருந்தால் டாக்குமெண்டாக அனுப்பச் சொல்லுங்கள்.

டிசைன் என்று வரும்போது என் கட்சி சுருக்கமானது, வெள்ளைப் பின்னணி. 2008ல் எங்களை வெட்டி எடுத்துப் பனிமலைக்கு முன்னால் நிறுத்தியிருந்தார்கள், மேலே இதயம் இதயமாகப் பறந்தது, ஓரத்தில் 'மேட் ஃபார் ஈச் அதர்'. அந்த ஆல்பம் வெள்ளத்தில் போனதில் என் மனைவிக்கு அவ்வளவாக வருத்தமில்லை என்று பிறகு தெரிந்தது. பட்டு, மாலை, வாழைமரம், கோலம் என்று நம் கல்யாணத்தில் வண்ணத்துக்கு என்ன குறைச்சல்? பின்னணியிலும் டிசைனர் பூப்போட்டால் எதையும் பார்க்க முடியாது. முகத்தை வெளுப்பாக்கும் வேலையையும் முன்கூட்டியே தடுத்துவிட வேண்டும். அவர்களாகவே செய்துவிடுவார்கள். பாட்டி நிறத்தைப் பேத்தி கொண்டிருக்கிறாள் என்பதை ஆல்பம் மறைக்கக் கூடாது. விரித்துப் பார்க்கிற பக்கத்தில் மடிப்பு எங்கே வருகிறது என்று பாருங்கள். மாப்பிள்ளை ஒரு பக்கம், பெண் மறு பக்கம், நடுவில் தாலி என்று வந்தால் மடிப்பு சரியாகத் தாலி மேல் விழும்.

எந்தப் படங்கள் என்பதில்தான் குடும்பத்துக்குக் குடும்பம் மாறும். எங்கள் 1969 ஆல்பத்தில் இன்று எல்லாரும் அதிக நேரம் நின்று பார்க்கிற படம் முகூர்த்தமல்ல, பந்தி. வரிசையாக உட்கார்ந்திருக்கும் இருபது பேரில் பதினேழு பேர் இப்போது இல்லை. கேமராவைப் பார்க்காமல் இலையைப் பார்த்துச் சாப்பிடுகிறார்கள். மேடையில் வரிசையில் நின்று மொய்க்கவருடன் எடுத்த படங்கள் நாற்பது ஷீட்டில் இருபதைத் தின்றுவிடும். அவை ஹார்ட் டிஸ்க்கில் இருந்தால் போதும். நலங்கு, மாலை மாற்றல், அம்மி மிதித்தல், தவில்காரரின் முகம், சமையல் கட்டில் வியர்த்து நிற்கிற ஆள், தூணில் சாய்ந்து தூங்கிப்போன குழந்தை, இவற்றுக்கு இடம் கொடுக்கலாம்.

ஒன்றை மறக்கவேண்டாம், பெயர். சித்தி ஆல்பத்தில் நிறம் போனதைவிட, பாதிப் பேர் யார் என்று தெரியாமல் போனதுதான் நஷ்டம். இப்போதைய போட்டோத் தாளின் முதுகு வழுவழுப்பானது, பென்சில் பிடிக்காது, பால்பாயிண்ட் பேனா அழுத்தினால் முன்பக்கம் தடம் விழும். அதனால் படத்தில் எழுதாமல் அட்டையில் எழுதுவது நல்லது. போட்டோ புக்கிலானால் கடைசி இரண்டு பக்கத்தில் படத்தைச் சின்னதாகப் போட்டு, கீழே பெயரும் உறவும் அச்சடித்துவிடலாம்.

இத்தனையும் பேசி முடித்து நாங்கள் எடுத்த முடிவு: நூல் தையல் போட்ட போட்டோ புக், 80 பக்கம், நான்கு பிரதி. சென்னைக்கு ஒன்று, கோயம்புத்தூருக்கு ஒன்று, மாப்பிள்ளை வீட்டுக்கு ஒன்று, சிங்கப்பூரில் இருக்கும் பெரியப்பா மகனுக்கு ஒன்று. கூடவே கலர் லேபில் கழுவிய 60 பிரிண்ட், கறுப்பு அட்டையில் மூலை வைத்து. சூட்கேஸ் வேண்டாம் என்று நான் சொன்னதும் சம்பந்தியம்மா முகம் வாடியது. "வர்றவங்களுக்குக் காட்ட சபைக்கு ஒண்ணு வேணுமே" என்றார்கள். அதிலும் நியாயம் உண்டு, பாட்டிமார் இரண்டு பேர் அங்கே இருக்கிறார்கள். 12க்கு 24, 20 ஷீட், பெட்டி இல்லாமல் என்று ஒத்துக்கொண்டோம். கொட்டேஷனில் இருந்த 40 ஷீட்டில் மிச்சமான காசு போட்டோ புக்குக்குப் போதும் என்று போட்டோக்காரரே கணக்குப் போட்டுச் சொன்னார்.

பாக்கிப் பணத்தில் ஒரு பங்கை ஆல்பம் கைக்கு வந்த பிறகு தருவதாகப் பேசியிருக்கிறோம். படம் செலக்ஷன் செய்து கொடுப்பது எங்கள் பக்கத்து வேலை. குழந்தைக்கு மொட்டை போடும் வரை அதை இழுத்தடித்த ஜோடிகளை எனக்குத் தெரியும். அதனால் மாசி முடிவதற்குள் என்று மருமகளிடம் கெடு வைத்திருக்கிறேன். கறுப்பு அட்டை வாங்க இந்த ஞாயிற்றுக்கிழமை ஆண்டர்சன் தெருவுக்குப் போகலாம் என்று கிளம்பினேன். "ஞாயித்துக்கிழமை அங்க பாதிக் கடை பூட்டிக் கிடக்கும், சனிக்கிழமை போ" என்கிறாள் அக்கா.